ஆளைக் கேட்காதே, மெஷினைக் கேள்

சென்ற மாதம் தர்மபுரியில் ஒரு கல்லூரிப் பயிலரங்குக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் பொன்னாடை போர்த்தி, காபி கொடுத்து, ஓரமாக உட்கார வைப்பார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் மடிக்கணினியில் ஒரே ஒரு வரி அடித்தாள். எங்கோ யாரோ எழுதி, உலகத்துக்கே திறந்துவைத்த நிரல் அது. அவளுடைய மெஷினைத் தானே துழாவிப் பார்த்து, எது இருக்கிறது எது இல்லை என்று தெரிந்துகொண்டு, தன்னைத்தானே கட்டி எழுப்பிக்கொண்டது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"ரொம்ப டைம் எடுக்குதுங்க மேடம்" என்றாள் என்னிடம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்று கோபமும் வந்தது. அம்மா தாயே, அந்த ஒரு வரிக்காக நாங்கள் பட்ட பாடு என்ன தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பேச எனக்குக் கொடுத்திருந்தது பத்து நிமிடம். அதில் முக்கால்வாசியை என்னை அறிமுகப்படுத்தியவரே எடுத்துக்கொண்டார். ஆகவே இங்கே எழுதுகிறேன். உலகத்தில் வேறு ஊர்களிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே யோசனை பிறந்திருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இருக்கட்டும். எங்கள் ஊரில் அது எப்படிப் பிறந்தது என்பதை நான்தானே சொல்ல வேண்டும்.

கடத்தூர்ப் பக்கம் எங்கள் வீடு. அப்பா கரும்பும் மஞ்சளும் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் பிறகு கணக்குப் பாடம் ஒன்றுதான் எனக்கு உவப்பாக இருந்தது. கல்லூரி முடித்தேன், சென்னையில் ஓராண்டு கம்ப்யூட்டர் படிப்பு, ஒரு தேர்வு, ஒரு நேர்காணல். எண்பதுகளின் பின்பாதியில் மாவட்டத் தலைநகரில் புதிதாகத் திறந்த கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆரோக்கிய மேரி, புரோகிராமர் என்று பலகையில் பெயர் எழுதினார்கள். எங்கள் ஊரில் புரோகிராமர் என்றால் மாதா திருவிழாவுக்கு நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அந்த அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மாவட்டத்தில் மனிதர்களுக்கு இல்லாத ஏ.சி. அங்கே மெஷினுக்கு இருந்தது. ஒரு பெரிய மெஷின், நான்கு திரைகள், தறி ஓடுவதுபோல் சத்தம் போடும் ஒரு பிரிண்டர். தலைமை, நஞ்சுண்டப்பா சார்.

நஞ்சுண்டப்பா சாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். புள்ளிவிவரப் பிரிவில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர். கம்ப்யூட்டர் படித்தவரில்லை, அதை மறைக்கவும் மாட்டார். பிறர் விசைப்பலகையை ஒருநாளும் தொட்டதில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஆயித்தாம்மா?" என்பார். முடிந்ததா என்று கேட்கிறார். முடிந்தது என்று சொன்னால் சந்தோஷப்படமாட்டார், சந்தேகப்படுவார். பாராட்டு என்பது அவர் அகராதியிலேயே இல்லை. நாம் எழுதிக் கொடுத்த காகிதத்தின் மூலையில் பென்சிலால் 'பார்த்தேன்' என்று எழுதினால் அதுதான் அவரிடமிருந்து கிடைக்கும் பொற்கிழி. எனக்கும் அவருக்கும் முதல் ஆறு மாதம் ஆகவே ஆகாது.

இப்போது ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த வழக்கம் எங்களிடம் இருந்தது. பக்கத்து மாவட்டங்களில் எங்களைப் போன்ற மையங்கள் ஏழெட்டு இருந்தன. ஒருவர் எழுதிய நிரலை மூலத்தோடு அப்படியே ஃபிளாப்பியில் போட்டு மற்றவர்களுக்கு அனுப்பிவிடுவோம். விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். திருத்தியதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு. தபாலில் போட்டால் முத்திரை குத்துகிறவர் ஃபிளாப்பியின் மேலேயே ஓங்கிக் குத்துவார். ஆகவே தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து பஸ்ஸில்தான் அனுப்புவோம். புளி மூட்டைக்கு அடியில் கிடந்து வளைந்து வந்தவையும் உண்டு.

மூலநிரல் என்பது ராகி மாதிரி. கொடுக்கிறவர் ராகியைத்தான் கொடுப்பார். அரைத்து மாவாக்கிக் களி கிண்டிக்கொள்வது வாங்குகிறவர் பாடு. இதில் என்ன வம்பு என்றால், ஒவ்வொரு ஊர் மில்லும் ஒவ்வொரு விதம். ஒரு மையத்தில் பெரிய மெஷின், இன்னொன்றில் சின்ன மெஷின். இந்த ஊர் பிரிண்டருக்குப் புரிவது அந்த ஊர் பிரிண்டருக்குப் புரியாது. எப்படி அரைக்க வேண்டும் என்பதற்கு ஃபிளாப்பி உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு வரும். ஒன்றில், 'நாற்பதாவது வரியை உங்களுக்கு ஏற்றபடி மாற்றி வழக்கம்போல் கம்பைல் செய்யவும்' என்று இருந்தது. அரைப்பதற்குத்தான் கம்பைல் என்று பெயர். யார் வழக்கம்? எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியுமா, அவர் வழக்கம் எனக்குத் தெரியுமா? இன்னொரு சீட்டில், 'ஓடாவிட்டால் மறுபடி முயற்சிக்கவும்' என்று மட்டும் இருந்தது. அந்த நிரலை ஓடவைக்க எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. ஓடிய பிறகு அதை எழுதிய மகானுக்கு நான் எழுதிய கடிதத்தை நஞ்சுண்டப்பா சார் படித்துவிட்டு, கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"திட்டு எழுதறதுல நேரம் போக்கற. அதுக்கு வழி எழுதும்மா" என்றார்.

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் 'தயார்'. இனிமேல் எங்களிடமிருந்து போகும் எந்த நிரலாக இருந்தாலும் அதில் மாறாத பெயர்களில் மூன்று கோப்புகள் இருக்கும் என்று வைத்தேன். 'படி' என்பது என்ன ஏது என்று விளக்கும் காகிதம். 'தயார்' என்பது மெஷினுக்கு ஏற்றபடி நிரலைச் சரிசெய்து அரைத்துக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு. 'சோதி' என்பது அரைத்தது சரியா என்று தெரிந்த விவரங்களைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லாகவே பெயர் வைத்தேன். பிறப்பு இறப்புப் பதிவா, பள்ளிக்கூடப் பட்டியலா, மழை அளவா, எதுவானாலும் மூன்றே சொல்லை அடித்தால் போதும். உறைக்குள் துண்டுச்சீட்டு கிடையாது. மகானும் கிடையாது.

நஞ்சுண்டப்பா சார் அதைச் சோதித்த விதம் எனக்கு இன்றும் மறக்காது. எங்கள் டைப்பிஸ்ட் வசந்தாவைக் கூப்பிட்டு மெஷின் முன்னால் உட்கார வைத்தார். அவளுக்கு நிரல் என்றால் என்னவென்றே தெரியாது. 'படி' காகிதத்தைக் கையில் கொடுத்தார். என்னை அறைக் கோடியில், சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். விதி ஒன்றே ஒன்று: வசந்தா வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டாலும் அன்றைக்கு எனக்குத் தோல்வி. காகிதத்தைத் திருத்தி, மறுநாள் மறுபடி. அவளோ வாயாடி. முதல் நாள் இரண்டாவது நிமிடத்திலேயே, "மேரி, இந்த என்டர்னு போட்டிருக்கியே, அது எந்தப் பக்கம் இருக்குது?" என்றாள். ஒன்பதாவது நாள் ஒரு கேள்வியும் கேட்காமல் பள்ளிப் பட்டியல் நிரலை முழுக்கக் கட்டி முடித்தாள். காகித மூலையில் 'பார்த்தேன்' என்று விழுந்தது. நான் அன்று மாலை பஸ் நிலையத்தில் வசந்தாவுக்கு இரண்டு தட்டு போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

அந்தத் 'தயார்' ஏழு கேள்விகள் கேட்கும். உங்கள் மெஷின் பெரிய எண்ணைத் தாங்குமா? இந்த வகைப் பிரிண்டர் உண்டா? நிரல் கடன் வாங்கிக்கொள்ளும் இன்ன நூலகக் கோப்பு உண்டா? உண்டு என்றால் 'ஒய்' எழுத்து, இல்லை என்றால் 'என்' எழுத்து. பதிலுக்கு ஏற்றபடி நிரலைத் திருத்திக்கொள்ளும். எல்லா மையங்களுக்கும் அனுப்பினோம். மூன்று மாதத்தில் எட்டு மையங்களும் அதே மூன்று சொல்லுக்கு மாறின. எனக்குத் தலை கால் புரியவில்லை. இந்த மாவட்டத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று நடந்தேன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கோடையில் மழை பொய்த்திருந்தது. கிணறுகள் வற்றி, ஊருக்கு ஊர் கைப்பம்புதான் கதி. அதுவும் பாதி உடைந்து கிடந்தது. எந்த ஊரில் எந்தப் பம்பு என்ன ரிப்பேர் என்று வாரா வாரம் வரும் விவரத்தை வைத்து, ரிப்பேர் குழு எந்த வரிசையில் போக வேண்டும் என்று பட்டியல் போடும் நிரல் ஒன்று பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்திருந்தது. அதற்கும் என் 'தயார்' மாட்டியிருந்தேன். அரூரில் ஒரு பிரிவு அலுவலகத்துக்குச் சோதனையாக ஒரு சின்ன மெஷின் கொடுத்திருந்தார்கள். அரூர்ச் சுற்றுவட்டாரத்துக்கான பட்டியல் அங்கேயே எடுக்கப்பட்டது. ரிப்பேர் ஜீப்பும் அங்கிருந்துதான் கிளம்பும்.

ஒரு திங்கட்கிழமை, எங்கள் மையம் இருந்த கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். கூட்டத்தில் ஜன்னல் ஜன்னலாக அலைந்து கடைசியில் ஒருவர் எங்கள் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் மடித்த காகிதம். கம்ப்யூட்டர் ரூமுக்குப் போ என்று யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். பெயர் வெள்ளையன். சித்தேரி மலைமேல் தேன்கல்பாடி என்கிற சின்ன ஊர். சாமை, புளி, கொஞ்சம் தேன், அதுதான் பிழைப்பு.

"மூணு தடவ எழுதிக் குடுத்துட்டோமுங்க. பம்ப்பு சங்கிலி அந்து ரெண்டு மாசமாவுது. பொம்பளைங்க பள்ளத்துல எறங்கி ஊத்துத் தண்ணி மொண்டுக்கிட்டு ஏறுறாங்க. அரூர்ல போயிக் கேட்டா, கம்ப்யூட்டர் லிஸ்ட்டுல உங்க ஊரே இல்லீங்கறாங்க. வியாழக்கிழமை ஜீப்பு மலைக்கு ஏறுதாம். அதுக்கப்புறம் வேற பக்கம் அனுப்பிடுவாங்களாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்துபோய் எங்கள் மெஷினில் அதே விவரத்தை ஓட்டி, பட்டியல் எடுத்து, தேன்கல்பாடி இருக்கும் வரியில் கோடு போட்டு, வெற்றிச் சிரிப்போடு அவரிடம் நீட்டினேன்.

"இதோ இருக்குதே உங்க ஊரு. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க" என்றேன்.

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உங்க பேப்பர்ல இருக்குதும்மா. அரூர் பேப்பர்ல இல்லீங்களே. ஜீப்பு அரூர்ல இருந்துதானுங்களே வருது."

இதற்கு மேல் தெளிவாக அந்தப் பிரச்சினையைப் படித்தவர்கள் யாரும் சொல்லியிருக்க முடியாது. பின்னால் கைகட்டி நின்றிருந்த நஞ்சுண்டப்பா சார், வெள்ளையன் அரூரிலிருந்து மடித்துக் கொண்டுவந்திருந்த பட்டியலையும் எங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பென்சிலை எடுத்து வரிசையாக எண்ணினார். அரூர்ப் பட்டியலில் தரை ஊர்கள் அத்தனையும் இருந்தன. மலை ஊர்கள் பதினேழு. பதினேழும் இல்லை. ஒன்றுகூட இல்லை.

"ஒரு ஊரு விட்டுப்போச்சுன்னா ஆள் தப்பு. ஒரு மலையே விட்டுப்போச்சுன்னா வழி தப்பு" என்றார். அதோடு, "நாளைக்கு மொதல் பஸ்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அரூர் போய் இறங்கினோம். ஃபிளாப்பியை டிபன் கேரியர் மேல்தட்டில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் அரூர் அலுவலகத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். ஏதோ பட்டனைத் தப்பாக அழுத்தியிருப்பார்கள், மலை ஊர்க் கோப்பை அழித்திருப்பார்கள் என்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

அங்கே ஆப்பரேட்டர் செல்வராஜ். கிளார்க்காக இருந்து மெஷினுக்கு மாற்றப்பட்டவர். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, பயத்தில் நாற்காலியைத் துடைத்தார். கோப்பைப் பார்த்தேன், மலை ஊர்கள் பத்திரமாக இருந்தன. ஒன்றும் அழியவில்லை. பட்டியல் ஓட்டினால் மட்டும் காணோம். சரி, நிரலை முதலில் எப்படிக் கட்டினீர்கள், என் கண் முன்னால் மறுபடி செய்யுங்கள் என்றேன்.

செல்வராஜ் பயபக்தியோடு 'தயார்' என்று அடித்தார். திரையில் முதல் கேள்வி வந்தது. உங்கள் மெஷின் பெரிய எண்ணைத் தாங்குமா? ஒய் என்று அழுத்தினார். இந்த வகைப் பிரிண்டர் உண்டா? ஒய். நூலகக் கோப்பு உண்டா? ஒய். ஏழு கேள்விக்கும் ஏழு ஒய். கேள்வியைப் படிக்கக்கூட அவர் கண் நிற்கவில்லை.

"ஏங்க, அது சின்ன மெஷினுங்க. பெரிய எண்ணு தாங்காது. அந்தப் பிரிண்டரும் உங்ககிட்ட இல்ல. எல்லாத்துக்கும் ஏன் ஆமாம் போட்டீங்க?"

செல்வராஜ் என்னை விநோதமாகப் பார்த்தார். இது தெரியாதா இந்தம்மாவுக்கு என்பதுபோல.

"ஜில்லா ஆபீஸ்ல இருந்து வர்ற கேள்விங்களே மேடம். இல்லைன்னு போட்டா, ஏன் இல்லை, எப்ப இருந்து இல்லை, யாரு பொறுப்புன்னு அடுத்த தபால்ல விளக்கம் கேப்பாங்க. உண்டான்னு கேட்டா உண்டுன்னுதானுங்க எழுதணும். பதினெட்டு வருஷ சர்வீஸுங்க எனக்கு."

நஞ்சுண்டப்பா சார் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நானும் இருபது வருஷம் அப்படித்தானப்பா எழுதினேன்" என்று செல்வராஜின் தோளைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது. "நீ வசந்தாவுக்கு எழுதின. இவருக்கு எழுதல" என்றார்.

என்ன நடந்திருக்கிறது என்பது இப்போது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எண் உண்டு. தரை ஊர்களுக்குச் சின்ன எண்கள். மலை ஊர்களுக்குக் கடைசியில் எண் கொடுத்ததால் எல்லாம் நாற்பதாயிரத்துக்கு மேலே. சின்ன மெஷின் தன் சாதாரண எண்ணில் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் எண்ணாது. அதைத் தாண்டினால் எண் தலைகீழாகப் புரண்டு மைனஸாகிவிடும். என் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்திருந்தால் 'தயார்' இரண்டு மடங்கு இடம் பிடிக்கும் இரட்டை அகல எண்ணைப் போட்டிருக்கும். 'ஆமாம்' என்று வந்ததால் விட்டுவிட்டது. மைனஸ் எண் உள்ள ஊர் என்றால் ரத்தான ஊர் என்று அந்த நிரலுக்கு ஒரு வழக்கம். ஆகவே பதினேழு மலை ஊர்களையும் ரத்து செய்துவிட்டு நல்ல பிள்ளையாகப் பட்டியல் போட்டிருக்கிறது. எப்போதும் இரட்டை அகலமே வைத்திருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். வைத்திருக்கலாம். இடத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழித்த காலம் அது, அப்போது தோன்றவில்லை.

அப்படியானால் 'சோதி' ஏன் பிடிக்கவில்லை? இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சோதனைக்கு நான் கொடுத்திருந்த ஊர்கள் கடத்தூர், நல்லம்பள்ளி, எங்கள் அத்தை ஊர், வசந்தாவின் ஊர். எல்லாம் எனக்குத் தெரிந்த ஊர்கள். எல்லாம் தரை. சித்தேரி மலையை நான் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருந்தேன். நான் போகாத ஊர் என் சோதனைக்குள்ளும் வரவில்லை.

கேள்வியை மாற்றி எழுதலாம் என்றேன். உண்டா என்று கேட்காமல் இல்லையா என்று கேட்கலாம். நஞ்சுண்டப்பா சார் தலையை ஆட்டினார்.

"அதுக்கும் ஆமான்னுதான் வரும். ஆளைக் கேக்காதம்மா. மெஷினைக் கேளு."

மெஷினைக் கேட்பதா? எப்படிக் கேட்பது? சொல்லிவிட்டுப் போய்விட்டார் மனிதர், டீ குடிக்க. அவருக்கும் எப்படி என்று தெரியாது. அதை நான்தான் கண்டுபிடித்தேன். இதில் எனக்கு அடக்கம் எல்லாம் கிடையாது. மெஷின் பெரிய எண்ணைத் தாங்குமா என்று தெரிய வேண்டுமென்றால், ஒரு குட்டி நிரலை அங்கேயே எழுதி, அங்கேயே அரைத்து, நாற்பதாயிரத்தை உள்ளே போட்டு வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். நாற்பதாயிரமாகவே வந்தால் தாங்கும். வேறாக வந்தால் தாங்காது. நூலகக் கோப்பு உண்டா என்பதற்கு அதைத் தேடிப் பார்த்தால் போயிற்று. ஏழு கேள்விக்கும் ஏழு குட்டிச் சோதனை. ஆளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். விளக்கம் கேட்கும் மெமோவுக்கு மெஷின் பயப்படாது, பொய் சொல்லாது.

எழுத ஆரம்பிக்கும்போது பகல் இரண்டு மணி. கரன்ட் போனது. கோடை மின்வெட்டு, ஆறு மணிக்குத்தான் வரும். மெஷின் கறுத்துக் கிடந்தது. காகிதத்தில் எழுதினேன். நஞ்சுண்டப்பா சார் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"நான்தான் மெஷின். சின்ன மெஷின். முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல எனக்கு எண்ணத் தெரியாது. ஒவ்வொரு வரியா சொல்லு."

நான் வரி வரியாகப் படித்தேன். அவர் கட்டம் போட்டுக் கணக்குப் போட்டு, மெஷின் என்ன செய்யுமோ அதையே செய்தார். நாற்பதாயிரத்தை உள்ளே போடுங்கள் என்றேன். பெருக்கிக் கழித்து, "மைனஸ் இருபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்து முப்பத்தாறு" என்றார். வேர்த்துக் கொட்டியது, பென்சில் மட்டும் நிற்கவில்லை. நான்கு மணி வாக்கில் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"போன தடவ அரைச்ச மாவு இன்னும் பாத்திரத்துலயே இருக்குதே. அதைத் தொடச்சியா? தொடைக்காம புதுசு போட்டா மெஷின் பழசையே எடுத்துக்கும்."

துடைக்கவில்லை. கரன்ட் இருந்திருந்தால் அப்படியே ஓட்டி, பழைய பட்டியலே வந்து, என் யோசனையே தப்பு என்று முடிவுகட்டி அழுதிருப்பேன். முதல் வரியாக, பழையதை எல்லாம் துடை என்று எழுதினேன். 'சோதி'யையும் மாற்றினேன். முதல் ஊராகத் தேன்கல்பாடியை வைத்தேன். கரன்ட் வருமுன்பே கடைசி பஸ் என்பதால் ஊர் திரும்பினோம்.

புதன்கிழமை காலை மறுபடி முதல் பஸ். பத்து மணிக்குக் கரன்ட் போகும் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் விடிந்தால் ஜீப் கிளம்பிவிடும். எட்டரைக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்து, எழுதியதை எல்லாம் அடித்து முடித்தபோது ஒன்பதே கால். எழுந்துகொண்டேன். கட்ட வேண்டியவர் செல்வராஜ், நானில்லை.

அவர் 'தயார்' என்று அடித்துவிட்டு, ஒய் மேல் விரலை வைத்துக் காத்திருந்தார். திரையில் கேள்வி வரவில்லை. பார்க்கிறேன், பார்க்கிறேன், கிடைத்தது, சின்ன எண், அகலமாக்குகிறேன் என்று வரிகள் ஓடின.

"ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுங்களே மேடம்?" என்றார் கலவரத்தோடு.

"கேக்காதுங்க. உங்கள இனிமே எதுவும் கேக்காது. விரலை எடுங்க."

'சோதி' அடித்தார். முதல் வரியில் தேன்கல்பாடி, சரி என்று வந்தது. பட்டியலை ஓட்டச் சொன்னேன். பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. தரை ஊர்கள் வந்தன. முதல் பக்கம், இரண்டாம் பக்கம். பக்கக் கடைசியில் பிரிண்டர் ஒரு நொடி நின்றது. மறுபடி கத்தியது. மலை ஊர்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. நஞ்சுண்டப்பா சார் பென்சிலால் எண்ணிக்கொண்டே வந்தார். பதினைந்து, பதினாறு. பதினேழாவது தேன்கல்பாடி, கைப்பம்பு, சங்கிலி அறுந்தது.

நான் அந்த அறையில் கைதட்டினேன். செல்வராஜும் தட்டினார். பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கோ பிரமோஷன் என்று நினைத்திருப்பார்கள். நஞ்சுண்டப்பா சார் தட்டவில்லை. முந்தின நாள் காகிதத்தை மடியிலிருந்து எடுத்து மூலையில் எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் எனக்குப் 'பார்த்தேன்' விழுந்ததுண்டு. அன்றைக்கு, 'நன்றாக' என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்திருந்தார்.

யாரையும் கேட்காத அந்தத் 'தயார்' அதற்குப் பிறகு போன தூரத்தை நான் நினைத்தும் பார்க்கவில்லை. எட்டு மையங்களிலிருந்து வேறு மாநிலங்களுக்குப் போனது. ஒருவர் புதுவகைப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் சேர்த்து அனுப்பினார், இன்னொருவர் எங்கள் கண்ணாலேயே பார்க்காத மெஷினுக்குச் சேர்த்தார். திருத்தியதைத் திருப்பி அனுப்பும் பேச்சை யாரும் மீறவில்லை. நான் பதவி உயர்ந்து வேறு ஊர்களுக்குப் போனேன், பெரிய பெரிய வேலைகள் பார்த்தேன், மாலைகள் வாங்கினேன். அவை எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். வெற்றி என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அடுத்த திங்கட்கிழமைதான்.

அன்றும் மனு நாள். அதே கூட்டம். வெள்ளையன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கூட மலையிலிருந்து வந்த இரண்டு பெண்கள். ஜீப் போகவில்லையா, போயும் சரியாகவில்லையா? வாசல் சேவகரான டவாலி அவரை வழிமறித்து, மனு எங்கே, எதைப் பற்றி, எந்த ஜன்னல் என்று அதட்டிக்கொண்டிருந்தார். நிலத்துக்கு ஒன்றாம் ஜன்னல், ரேஷனுக்கு இரண்டு, தண்ணீர் இல்லை என்றால் நான்கு என்று விரல்விட்டுச் சொன்னார்.

வெள்ளையன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மனு இல்லீங்க. எங்க ஊருக்குத் தண்ணி வந்துருச்சு. அதைச் சொல்றதுக்கு எந்த ஜன்னலுங்க?"

டவாலி மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் சர்வீஸில் அப்படி யாரும் கேட்டதில்லை. நான் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே ஓடி, "இங்க வாங்க, எங்கிட்ட சொல்லுங்க" என்றேன்.